சரிபார்த்தவர் கையெழுத்து

ஆபரேஷன் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. கேட்கிறவர்கள் பாவம், அவர்கள்மேல் தப்பில்லை. இரண்டு வருடமாக அந்தக் கேள்விக்கு நான் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன். "சூப்பருங்க. ஒண்ணுமே இல்ல. பழைய மாதிரி ஆயிட்டேன்." டீக்கடையில் சொன்னேன், கம்பெனி பஸ்ஸில் சொன்னேன், பாரூரில் இருக்கும் என் அண்ணன் போனில் கேட்டபோது சொன்னேன். எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டர், பயந்துபோய் உட்கார்ந்திருந்த வேறொரு நோயாளியிடம் என்னைக் காட்டி, "இவரைக் கேளுங்க" என்றார். அந்த மனிதரிடமும் அதையேதான் சொன்னேன். சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது.

அது பொய். அந்தப் பொய்யால் என் முதுகுக்கு என்ன ஆனது என்பது பெரிய விஷயமில்லை. என் மனைவியின் காலுக்கு என்ன ஆனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் லைன் இன்ஸ்பெக்டர். மிஷினிலிருந்து வரும் பாகத்தை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று பிரிக்கும் வேலை. பேர்தான் இன்ஸ்பெக்டர். பாகங்கள் நிறைந்த தட்டைக் கீழேயிருந்து தூக்கி மேஜையில் வைப்பதும், மேஜையிலிருந்து இறக்குவதும் நானேதான். இருபது வருடத்துக்கு மேல் அப்படித் தூக்கி இறக்கியதில் இடுப்புப் பக்கம் ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தியது. இடது கால் முழுக்க ஷாக் அடிக்கிற மாதிரி வலி. ஆபரேஷன் செய்தார்கள். டாக்டர்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். காலில் ஓடிய வலி மறுநாளே நின்றது. இடுப்பு வலி மட்டும் போகவில்லை. இடது பெருவிரலும் மரத்தே கிடந்தது. இப்போதும் அந்தக் காலில் செருப்பு கழன்றால் நாலடி நடந்த பிறகுதான் தெரியும்.

"கால் வலி போயிடும். இடுப்பு வலி எவ்வளவு குறையும்னு உறுதி சொல்ல முடியாது. மூணு மாசம் எடை தூக்காதீங்க" என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நான் ஆறாவது வாரமே வேலைக்குப் போய் நின்றேன். வலிக்கிறது என்று கம்பெனி டாக்டரிடம் சொன்னால் லைட் டியூட்டி எழுதுவார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். எங்கள் கம்பெனியில் லைட் டியூட்டி என்றால் கேட் பக்கம் ஒரு நாற்காலி, வருகிறவர் போகிறவர் பேர் எழுத ஒரு ரிஜிஸ்டர். அந்த நாற்காலிக்குப் போனவர் எவரும் லைனுக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. விருப்ப ஓய்வு என்று பட்டியல் போட்டால் அவர்கள் பெயர்தான் முதலில் ஏறும். மகளுக்குப் படிப்பு முடிய அப்போது இன்னும் ஒரு வருடம் இருந்தது. அதனால் வலி பத்துக்கு எவ்வளவு என்று கம்பெனி டாக்டர் கேட்டபோது பூஜ்யம் என்றேன். குனியச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து காட்டினேன். 'ஃபிட்' என்று முத்திரை விழுந்தது.

அன்றிலிருந்து எல்லாருக்கும் பூஜ்யம்தான். ஒரே ஒரு ஆளிடம் மட்டும் பருப்பு வேகவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுப் பாய், ராயக்கோட்டை மண்டியில் தக்காளி ஏலம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறவர். அவருக்கும் முதுகு வலி. ஒருநாள் என்னிடம் விசாரித்தார். நானும் வழக்கம்போல் சூப்பர் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"அண்ணே, நீங்க பைக்லேர்ந்து எறங்குறத நான் தெனமும் பாக்குறேன்ல. செவுத்தப் புடிச்சிக்கிட்டுத்தானே எறங்குறீங்க?"

"வண்டி ஸ்டேண்டு சரியில்ல பாய்" என்றேன். கோபத்தில் அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இனி என் மனைவியைப் பற்றி. அவள் காவேரிப்பட்டினத்துக்காரி. தளி போகும் பாதையில் ஒரு ரோஜாத் தோட்டத்தின் பேக்கிங் ஷெட்டில் வேலை. பிளாஸ்டிக் கூரைக்குள் வளர்கிற நீளக் காம்பு ரோஜாக்களைக் காம்பு நீளம் பார்த்துப் பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, அட்டை சுற்றுகிற வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடிதான். கன்னடம் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், நம்மவர்கள் என்று கலந்துகட்டி ஆறு பெண்கள் ஒரு மேஜைக்கு. அவள்தான் அந்த மேஜைக்குத் தலைவி. வீட்டில் வெங்காயம் எண்ணினால்கூடக் கன்னடத்தில்தான் எண்ணுவாள். அந்த ஷெட்டில் அவள் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. வீட்டில் என்னிடம் இல்லாத மதிப்பு என்று அவளே சொல்லிக் காட்டுவாள்.

அவளுக்கு வலது இடுப்பில் வலி வந்து, நொண்ட ஆரம்பித்து, படம் எடுத்துப் பார்த்தபோது தொடை எலும்பின் தலையிலுள்ள பந்துக்கு ரத்தம் போகாமல் அது செத்துப்போயிருந்தது. மாற்று மூட்டு வைப்பதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். என் முதுகுக்கு வைத்தியம் பார்த்த அதே மருத்துவமனை, அதே டாக்டர்.

அவள் பயந்தது கத்திக்கு இல்லை, மேஜைக்கு. சூப்பர்வைசர் நல்ல மனிதர். "மூணு மாசத்துல வந்துடும்மா. அதுவரைக்கும் உன் மேஜைய யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றார். அந்த மூணு மாசத்தைச் சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தாள். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் என்னிடம் கேட்டாள்.

"ஏங்க, வலி தாங்க முடியுமா?"

"அட, ஒண்ணுமே இல்ல. நான் தாங்கலையா?" என்றேன்.

எவ்வளவு லேசாகச் சொன்னேன்! நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்கவைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது பட்டியலாகச் சொன்னார்கள். தரையில் உட்காரக் கூடாது, குனியக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, படுக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை. காயத்தைத் தினமும் யாராவது பார்க்க வேண்டும். சிவந்தாலோ, கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வந்துவிட வேண்டும். கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த மகள் லீவு போட்டு வந்து, தையல் பிரிக்கும்வரை இரண்டு வாரம் இருந்தாள். எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொண்டாள். அவள் பஸ் ஏறியதும் வீட்டில் மிச்சம் இருந்தது குனியக் கூடாத ஒருத்தியும், குனிய முடியாத ஒருத்தனும்தான். மனைவியைப் பற்றி ஊருக்கே தெரியும். என்னைப் பற்றி யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் பெருக்கித் துடைக்க ஒரு அம்மா வருவார். அவர் போன பிறகு கீழே விழுந்தது எதுவும் மறுநாள் காலைவரை அங்கேயேதான் கிடக்கும். கரண்டி விழும். "எடுங்களேன்" என்பாள். "எடுக்கறேன், எடுக்கறேன், அதுக்கென்ன அவசரம்" என்று கத்திவிட்டு, அவள் திரும்பும் நேரம் பார்த்து அதைக் காலால் ஃபிரிட்ஜுக்கு அடியில் தள்ளிவிடுவேன். பெருக்க வருகிற அம்மா ஒருநாள் ஃபிரிட்ஜுக்கு அடியில் துடைப்பத்தை விட்டு இழுத்தார். இரண்டு கரண்டி, ஒரு டம்ளர், ஒரு மாத்திரை அட்டை, ஒரு முழு உருளைக்கிழங்கு வந்தன. "எலி இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றேன். டம்ளரை எந்த எலி இழுக்கும்? அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் மனைவி அந்த மாத்திரை அட்டையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

இனிமேல்தான் நான் செய்த மகா புத்திசாலித்தனம் வருகிறது. அதற்கு முன்னால் செக் ஷீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கம்பெனியில் ஒவ்வொரு ஷிப்டும் தொடங்கும்போது மிஷினில் எண்ணெய் அளவு, காற்றழுத்தம், பாதுகாப்புக் கதவு என்று வரிசையாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் போட வேண்டும். கீழே இரண்டு கட்டம் இருக்கும். ஒன்று செய்தவர், இன்னொன்று சரிபார்த்தவர். நிஜத்தில் என்ன நடக்கும் என்றால், ஆபரேட்டர் எல்லா டிக்கையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டு மிஷினை ஓட்டப் போய்விடுவான். நான் நடந்துகொண்டே சரிபார்த்தவர் கட்டத்தில் என் சுருக்கக் கையெழுத்தைக் கிறுக்குவேன். ஆடிட் வருகிறது என்று தெரிந்தால் விடுபட்ட நாட்களுக்கெல்லாம் உட்கார்ந்து போடுவோம், அதுவும் வேறு வேறு பேனாவில். வேறு வேறு பேனா முக்கியம். ஒரே மையில் இருந்தால் ஆடிட்டருக்குச் சந்தேகம் வந்துவிடும். லைனில் வேலை பார்த்த எவனையும் கேளுங்கள், சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வான்.

மகள் ஊருக்குப் போன அன்று, எல்லாம் முறைப்படி நடக்கட்டும் என்று என் மனைவிக்கு நான் ஒரு செக் ஷீட் தயாரித்தேன். கம்பெனி மாதிரியே கட்டம் கட்டி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு. காலை உடற்பயிற்சி, மாலை உடற்பயிற்சி, மாத்திரை, காய்ச்சல், காயத்தில் சிவப்பு, காயத்தில் கசிவு, வலி பத்துக்கு எவ்வளவு. கீழே செய்தவர் கட்டத்தில் அவள் கையெழுத்து, சரிபார்த்தவர் கட்டத்தில் என் கையெழுத்து. ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். எனக்கே பெருமையாக இருந்தது. பார்த்த பாய்கூட, "அண்ணே, ஆஸ்பத்திரி தோத்துச்சு" என்றார்.

வாரம் ஒருமுறை மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் போன் செய்வாள். முதலில் கன்னடத்தில் தொடங்கி, பிறகு தெலுங்குக்குப் போய், நான் தமிழில் ஹலோ என்றதும் தமிழுக்கு வருவாள். வலி எவ்வளவு, காய்ச்சல் உண்டா, கசிவு உண்டா என்று கேட்பாள். நான் ஃபிரிட்ஜ் முன்னால் நின்று தாளைப் பார்த்து வாசிப்பேன். "வலி ஒண்ணும்மா. காய்ச்சல் இல்ல. கசிவு இல்ல." அந்தப் பெண்ணுக்கு ரொம்பச் சந்தோஷம். "நீங்க ரொம்ப ஒழுங்கா மெயின்டெய்ன் பண்றீங்க சார்" என்றாள்.

நான் ஒருநாள்கூடக் காயத்தைப் பார்க்கவில்லை.

தையல் பிரித்த இடம் இடுப்பின் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் இருந்தது. அவளால் திரும்பிப் பார்க்க முடியாது. எங்கள் கட்டிலோ தாழ்வான கட்டில். அவள் ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது நான் நன்றாகக் குனிந்து பார்த்தால்தான் தெரியும். முதல் நாள் பார்க்கப் போனேன். பாதி குனிந்ததுமே இடுப்பில் பிடித்துக்கொண்டது. மூச்சு நின்றுவிட்டது. "என்னங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு" என்று நிமிர்ந்துவிட்டேன். துணி விலகக்கூட இல்லை. அதற்கு மறுநாளிலிருந்து கட்டில் பக்கமே போகவில்லை. அவள் 'இல்லை' என்று டிக் போட்டிருப்பாள். நான் கையெழுத்துப் போடுவேன். ஆபரேஷன் ஆன நான்காவது வாரத்திலிருந்து அதற்கும் சோம்பல் வந்து, ஞாயிற்றுக்கிழமையே சனிவரைக்கும் ஏழு கையெழுத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். வேறு வேறு பேனாவில்.

அவளாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கும் அந்த ஆத்திரம் இருந்தது.

ஆபரேஷன் ஆகி ஐந்தாவது வாரம், புதன்கிழமை. காலை ஷிப்ட் முடித்து மூன்றரை மணிக்கு மேல் வீட்டுக்கு வந்தேன். வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் கை வைத்தால் கொதிக்கிறது. அறையில் ஒரு வாடை. பாத்ரூமில் ஒரு வாளி நிறையப் பழைய புடவைக் கிழிசல்கள் ஊறிக்கொண்டிருந்தன, மஞ்சளும் சிவப்புமாய்க் கறை.

"திரும்பு" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க, சூட்டு ஒடம்பு, அதான்…"

"திரும்புடி!"

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டேன். ஒவ்வொரு அங்குலமாக இறங்கினேன். அவளே பஞ்சை மடித்து வைத்து, தடவிப் பார்த்தே பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். பிரித்தேன். தையல் கோட்டின் நடுவில் ஒரு ஓட்டை. சுற்றிலும் சிவந்து வீங்கி, தொட்டால் சுடுகிறது. அழுத்தாமலே வழிந்தது.

"எத்தன நாளா?"

"பத்து நாள் இருக்கும்."

எழுந்து ஃபிரிட்ஜ் முன்னால் போனேன். அன்றைய கட்டத்தில் காய்ச்சல் இல்லை, சிவப்பு இல்லை, கசிவு இல்லை, வலி ஒன்று. அதற்குக் கீழே என் கையெழுத்து. வியாழனுக்கும் என் கையெழுத்து இருந்தது. வெள்ளிக்கும் இருந்தது. சனிக்கும் இருந்தது. அந்தத் தாளைப் பிடுங்கிச் சுக்குநூறாய்க் கிழித்தேன். கிழித்து என்ன பிரயோஜனம்? துண்டுகள் தரையில் விழுந்தன. பொறுக்கக் குனிய ஆளில்லை.

ஆட்டோவில் அவளால் மடங்கி உட்கார முடியாது. பாய் தன் காரைக் கொண்டுவந்து, பின் சீட்டில் அவளைச் சாய்த்துப் படுக்கவைத்தார். வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமலிருந்ததே எனக்குப் பெரிய உபகாரமாக இருந்தது.

டாக்டர் காயத்தைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "வலி எவ்வளவும்மா, பத்துக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டு, மூணு இருக்கும் சார்" என்றாள். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவள் கை வெளுத்துப்போயிருந்தது.

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். "போன வாரம்கூடக் கசிவு இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. அதுக்கு முந்தின வாரமும் இல்ல. தெனமும் யார் பாத்தீங்க?"

"நான்தான் சார்."

"பாத்தீங்களா?"

"இல்ல சார். கையெழுத்து போட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. "கையெழுத்தா? எதுல? ஏன் பாக்கல?"

"குனிய முடியாது சார்."

இரண்டு வருடம் அடைத்துவைத்திருந்தது அப்படிப் பொத்தென்று வந்து விழுந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு வலி பூஜ்யம்னு எழுதியிருக்கேனே நான்? நல்ல ரிசல்ட்டுன்னு எத்தன பேருக்கு உங்களக் காட்டியிருக்கேன்!" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம். பிறகு என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார். "கசிய ஆரம்பிச்ச அன்னைக்கே வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது. இப்ப மறுபடியும் தொறந்து கழுவணும். உள்ள வெச்ச மூட்டக் காப்பாத்தலாமா, எடுக்கணுமான்னு தொறந்த பிறகுதான் தெரியும்."

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மூணு மாசத்துல வேலைக்குப் போயிடலாமா சார்?" டாக்டர் ஃபைலை மூடினார்.

அப்புறம் என்ன ஆச்சு என்று இழுத்தடிக்க எனக்கு இஷ்டமில்லை, இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூட்டைக் காப்பாற்றிவிட்டார்கள். வாரக்கணக்கில் ஊசி, அதன்பிறகு மாத்திரை. இரண்டுமுறை திறந்ததில் தசை பலமிழந்துவிட்டது. இப்போது கைத்தடியோடு தெருமுனைவரை போய்வருகிறாள். சேர்ந்தாற்போல் அரைமணி நேரம்கூட நிற்க முடியாது. ஷெட்டில் நான்கு மாதம் பொறுத்துப் பார்த்தார்கள், பிறகு மேஜையை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இதே ஆபரேஷன் செய்துகொண்டு நிமிர்ந்து நடக்கிறவர்களை மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். அவளைவிட வயதானவர்கள், பை தூக்கிக்கொண்டு படி ஏறுகிறார்கள். வயிறு எரிகிறது. இவளும் அப்படி ஏறியிருக்க வேண்டியவள்தான். நானும் கம்பெனி டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். கேட் பக்கத்து நாற்காலி கிடைத்தது. இதில் பாதியை அங்கே உட்கார்ந்துதான் எழுதினேன்.

ஆனால் என் மண்டையைக் குடைந்துகொண்டிருப்பது அதெல்லாம் இல்லை. இரண்டாவது ஆபரேஷனுக்கு முதல்நாள் மதியம் வார்டில் நடந்ததுதான்.

அவள் கையில் ஊசி குத்தி பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். டாக்டரிடம் உளறியாகிவிட்டது, அவளிடம் இன்னும் நேராகச் சொல்லவில்லை. திட்டட்டும், காறித் துப்பட்டும் என்று ஆரம்பித்தேன்.

"உங்கிட்ட ரெண்டு வருஷமா பொய் சொல்லிட்டேன். எனக்கு வலி போகவே இல்ல. ஒருநாளும் போகல."

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"பாத்ரூம்ல கொழாயத் தொறந்து விட்டுட்டு உள்ளயே நிப்பீங்க. தண்ணி ரொம்பி வழியுற சத்தம் கேக்கும், நீங்க வர மாட்டீங்க. வலி மாத்திர அட்டையப் பேப்பர்ல சுத்திக் குப்பையில போடுவீங்க. அந்தக் குப்பையக் கொட்டுறது யாரு?"

ஊரையே ஏமாற்றினோம், இவளையும் ஏமாற்றிவிட்டோம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

"அப்ப ஏன் கேக்கல நீ?"

"கேட்டேனே. எத்தன வாட்டி கேட்டேன்! கேக்குறப்பல்லாம் எரிஞ்சு விழுந்தீங்க. சரி, இந்த மனுஷன் வாயத் தொறக்காம தாங்குறாரு, அதான் இவருக்கு கவுரவம் போலன்னு விட்டுட்டேன்." மூச்சு வாங்க ஒரு நிமிடம் நிறுத்தினாள். "நீங்க ரெண்டு வருஷம் தாங்குனீங்க. நான் ஒரு மாசத்துல அய்யோ அம்மான்னு கத்துனா நல்லாவா இருக்கும்னு நெனச்சேன். அதான் நானும் வலி ஒண்ணுன்னு போட்டேன்."

சொல்லும்போது அவளுக்குக் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கத்தியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும். எனக்கு எல்லார்மேலும் ஆத்திரமாக வந்தது, என்மேல் வந்ததுதான் அதிகம். பத்து நாள் சீழ் வழிய வழிய, கிழிசலை மடித்து வைத்துக்கொண்டு, இவள் என்னைப் பார்த்துப் பழகியிருக்கிறாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் முகம் சுருங்கியது. உதட்டைக் கடித்தாள். பிறகு விட்டாள்.

"வலிக்குதுங்க" என்றாள். "தாங்க முடியல."

நர்ஸைக் கூப்பிட ஸ்டூலிலிருந்து எழுந்தேன். இடுப்பில் வெட்டியது. வழக்கம்போல் பல்லைக் கடிக்கப்போனவன், அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். "அய்யோ அம்மா!" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

நர்ஸ் ஓடிவந்து, "யாருக்கு வலிக்குது?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும்" என்றாள் என் மனைவி.